துடுப்பை விட்ட நேரம்

ஆழமறியாமல் காலை விடாதே என்பது முன்னோர் வாக்கு. ஐம்பது வயதைக் கடந்தவரும் நீச்சல் அறியாதவருமான ஒரு பங்குக் குரு, வடநாட்டில் நுரைத்துச் சீறும் ஆற்று வெள்ளத்தில் ரப்பர்ப் படகேறிச் சென்றார் என்று கேட்டால், அன்பார்ந்த வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் பிழையில்லை, நம் பங்கு மக்களும் நகைத்தார்கள். ஆயினும் அந்த மூன்று மணி நேரத்தில் நாம் கற்றது, பல்லாண்டுகளாகப் பிரசங்க பீடத்தில் நின்று பிறருக்கு நாமே சொல்லி வந்த பாடம். சொல்லி வந்ததைக் கற்றுக்கொள்ள நமக்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருந்தது.

பயணத்தைச் சொல்லுமுன் நம் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறர் குறைகளைக் கேட்டுப் பாவமன்னிப்பு அளிக்கும் நாம், நம் குறையை மறைப்பது முறையன்று.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையேறிற்று. ஏறிய புயல் விரைந்து கடந்து போகாமல், நின்ற இடத்திலேயே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதற்கடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணை இரு கரையும் கொள்ளாமல் பெருகி ஓடியது. விழுப்புரம் மாவட்டத்தில் அந்நாட்களை மறந்தவர் எவருமிலர்.

டிசம்பர் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அனந்தபுரத்தில் காலைப் பூசைக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பூசை முடிந்ததும் இளைஞர் மன்றத்தைச் சேர்ந்த ஐவர், முழுக்க நனைந்தவர்களாய் அறைவீட்டு வாசலில் வந்து நின்றனர். வயல்களுக்கு நடுவேயுள்ள குடியிருப்பில் ஓடை நீர் புகுந்துவிட்டது, அங்கே முதியோர் நால்வர் வெளியேற வழியின்றி இருக்கின்றனர் என்றனர். அவர்கள் கையில் கயிறு இருந்தது. லாரிச் சக்கரத்தின் டியூப் இரண்டு இருந்தன. நம்மிடம் அவர்கள் கேட்டவை இரண்டு: கோவில் மண்டபத்தின் சாவி, புறப்படுமுன் ஓர் ஆசீர்.

நாம் இரண்டையும் கொடுக்கவில்லை. "அரசாங்கத்து ஆட்கள் வருவார்கள், பொறுத்திருங்கள், செபிப்போம்" என்றோம். கோவிலுக்குள் சென்று முழந்தாளிட்டுச் செபமாலையைக் கையிலெடுத்தோம். அவர்கள் ஆசீரின்றியே போனார்கள். வாழை மரங்களை வெட்டித் தெப்பம் கட்டி, டியூபுகளையும் சேர்த்து, இடுப்பளவு நீரில் நடந்து நால்வரையும் கரை சேர்த்தனர். மண்டபம் பூட்டியிருந்தபடியால் ஒரு மாட்டுக் கொட்டகையில் தங்க வைத்தனர்.

மறுநாள் அந்நால்வருள் ஒருவரான மூதாட்டி நம் கைகளைப் பற்றிக்கொண்டு, "சாமி, நீங்க செபம் பண்ணினதாலதான் நான் பொழைச்சேன்" என்று கண்ணீர் விட்டார். இளைஞர்கள் அருகிலேயே நின்றிருந்தனர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் நம்மைக் குறை கூறியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த மௌனம் முள்ளாய்த் தைத்தது. எச்சரிக்கையாய் இருப்பது குற்றமன்று. நம் அச்சத்துக்கு எச்சரிக்கை என்று பெயர் சூட்டினோமே, அதுவே குற்றம். நாளும் கடந்தது, நாம் அதைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு, 2025, யூபிலி ஆண்டு. பங்கு மக்கள் இருபதுக்கு மேற்பட்டோர் சர்தனா அன்னையின் திருத்தலத்துக்குத் திருப்பயணம் செல்ல விரும்பினர். மீரட் நகருக்கருகே உள்ள அவ்வாலயம் பேகம் சம்ரு எழுப்பியது. 1781இல் ஞானஸ்நானம் பெற்று யோவன்னா என்னும் பெயர் ஏற்ற அவ்வரசி கட்டிய கோவில், 1961இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அக்டோபர் மாதத்தில் தீபாவளி விடுமுறையை ஒட்டி அங்குச் சென்று, அருள்நிறை அன்னையின் பாதத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். திரும்பும் முன் இரண்டு நாட்கள் எஞ்சியிருந்தன. ரிஷிகேசம் வடக்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. இளைஞர்கள் முன்னமே தமக்குள் பேசி முடிவு செய்திருந்தார்கள் போலும். "சாமி, படகுல போகலாம், நீங்களும் வாங்க" என்றனர்.

மறுப்பதற்கு நம்மிடம் காரணங்கள் பல இருந்தன: வயது, அங்கி, நீச்சல் தெரியாமை. ஆனால் அழைத்தவன், அந்த டிசம்பர் ஞாயிறன்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வாசலில் நின்றவன். அவன் முகத்தைப் பார்த்து இரண்டாம் முறையும் மறுக்க நமக்கு நா எழவில்லை. உபதேசியாரிடம் மூக்குக் கண்ணாடியையும் செபமாலையையும் ஒப்படைத்துவிட்டு, இளைஞர் எழுவரோடு நாமும் புறப்பட்டோம்.

தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கூடுகின்றன. அவ்விடத்திலிருந்துதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து ரிஷிகேசம் வரை மலையிடுக்குகளைத் துளைத்துக்கொண்டு அது ஓடி வருகிறது. 1977இல் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி, கங்கை கடலோடு கலக்குமிடத்தில் தொடங்கி, விசைப்படகுகளில் வெள்ளத்தை எதிர்த்தேறி நந்தப்பிரயாகை வரை சென்றார். நாம் சென்றதோ விசையேதுமில்லாப் படகு. ஆற்றோடு இறங்கி வருவது. ரிஷிகேசத்துக்கு மேலே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் உள்ள சிவபுரியில் படகேறினோம். மழைக்காலமாகிய ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்குப் படகு விடுவதில்லை. நாம் சென்றபோது சேறு தெளிந்து, நீர் பச்சைக் கண்ணாடி போலிருந்தது. கையை நனைத்ததும் பனிமலையின் குளிர் எலும்பைத் தொட்டது.

நம் நாட்டார் ஒகேனக்கல் பரிசலை அறிவார்கள். பரிசலில் ஏறியவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பரிசலோட்டி ஒற்றைத் துடுப்பால் அனைத்தையும் பார்த்துக்கொள்வார்; நாம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அருவியைப் பார்க்கலாம். இதுவும் அப்படித்தான் என்று எண்ணியே வந்தோம். ஆனால் இங்கே எல்லோர் கையிலும் ஒரு துடுப்பு தரப்பட்டது.

வழிகாட்டி, அம்மலைநாட்டு இளைஞர். வயது இருபத்தைந்துக்கு மேலிராது. உயிர்காப்பு அங்கியின் வார்களை இழுத்துக் கட்டினார். தலைக்கவசத்தைச் சரிபார்த்தார். பிறகு மணலில் நிறுத்தி அரைமணி நேரம் பாடம் சொன்னார். இந்தியும் எளிய ஆங்கிலமும் கலந்த அப்பேச்சை நம் இளைஞர் ஒருவர் தமிழாக்கினார். படகு காற்றடைத்த பல அறைகளால் ஆனது. ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். விளிம்பின்மேல் அமர்ந்து, குறுக்கே கிடக்கும் காற்றுக் குழாயின் அடியில் பாதத்தைச் செருகிக்கொள்ள வேண்டும். துடுப்பின் மேல்நுனிக் கைப்பிடியை எந்நிலையிலும் விடக்கூடாது. விட்டால் அது அடுத்தவர் பல்லைப் பதம் பார்க்கும். ‘ஃபார்வர்டு’ என்றால் முன்னோக்கி வலித்தல். ‘பேக்’ என்றால் பின்னோக்கி. ‘ஸ்டாப்’ என்றால் நிறுத்தல். ‘கெட் டவுன்’ என்றால் உள்ளே இறங்கிக் குந்திக் கயிற்றைப் பற்றுதல். தவறி விழுந்தவர் மல்லாந்து, கால்களை நீரோட்டம் செல்லும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறையிடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும், அதுவே பேராபத்து.

கட்டளையிட்டே பழகிய நமக்கு அந்தச் சின்ன வயதினரின் கட்டளைக்குக் காத்து நிற்பது புதுமையாக இருந்தது. "ஃபாதர், உங்கள் முழங்கை மடங்குகிறது" என்று அவர் திருத்தியபோது, குருமடத்தில் லத்தீன் வினைச்சொல்லைத் தப்பாய்ச் சொல்லி ஆசிரியர் முன் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன.

இருக்கையும் ஒரு புதுமை. இடப்பக்கம் நால்வர், வலப்பக்கம் நால்வர். வழிகாட்டி அமர்வது படகின் கடைசியில், பின்னணியத்தில். முன்னால் நமக்குத் தெரிவது தண்ணீர் மட்டுமே. அவர் தெரியமாட்டார், அவர் குரல்தான் கேட்கும். புயலடித்த கலிலேயக் கடலில் நம் ஆண்டவர் உறங்கியதும் படகின் பின்னணியத்திலே என்று மாற்கு எழுதியிருப்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை. நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தவருக்கு வேதாகமம் எங்கே நினைவுக்கு வரப்போகிறது?

அமைதியான நீரில் சிறிது நேரம் பழகினோம். பின்னர் தொலைவில் ஓர் இரைச்சல் கேட்டது. மாரிக்காலத்தில் ஓட்டு வீட்டின்மேல் மழை இறங்குவது போன்ற இரைச்சல். ஆறு குறுகிச் சரிந்து, பக்கத்து ஓடைகள் கொண்டுவந்து தள்ளிய பாறைகளின்மேல் மோதிப் பாயும் இடங்கள் அவை. கடலலை நகர்ந்து வரும், அடியிலுள்ள நீர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கோ அலை நின்ற இடத்திலேயே நிற்கிறது, நீர்தான் அதன் வழியே பாய்ந்தோடுகிறது. காற்றுக் கலந்து நுரைப்பதால்தான் நீர் வெண்மையாகிறது. இப்படிப்பட்ட பாய்ச்சல்களை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் தரம் மனிதர் துணியத் தகாதது. சிவபுரிக்குக் கீழே உள்ளவற்றிற்குப் படகோட்டிகள் ஆங்கிலப் பெயர்கள் இட்டிருக்கிறார்கள். ஒன்று ‘ரோலர் கோஸ்டர்’. மற்றொன்று ‘கோல்ஃப் கோர்ஸ்’.

‘ரோலர் கோஸ்டர்’ நம்மைத் தூக்கித் தூக்கிப் போட்டது. முகத்தில் நீர் அறைந்தது. ஆயினும் எல்லோரும் ஒன்றாக வலித்தோம், கடந்தோம். இளைஞர்கள் துடுப்புகளை மேலே உயர்த்தி ஆர்ப்பரித்தனர். நாமும் உயர்த்தினோம். வெற்றி பெற்ற பெருமிதம் நம் உள்ளத்தில் சற்றே தலைகாட்டியதை மறைப்பானேன்?

அந்தப் பெருமிதம் கால்மணி நேரங்கூட நிலைக்கவில்லை. ‘கோல்ஃப் கோர்ஸ்’ என்னுமிடத்தில் ஆறு குழி குழியாக உட்புறம் மடிந்து சுழல்கிறது. முதல் குழிக்குள் படகு இறங்கிற்று. நம் எதிரே ஒரு சுவர் எழுந்தது, வெள்ளைச் சுவர். "ஃபார்வர்டு! ஃபார்வர்டு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாம் கேட்டோம், நன்றாகவே கேட்டோம். ஆனால் கை துடுப்பை மடியில் போட்டுவிட்டுக் கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டது. கண்கள் மூடின. உதடுகள் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கின.

நமக்குப் பின்னால் இடப்பக்கம் இருந்த இருவரும் சாமியார் நிறுத்தியதைக் கண்டு தாமும் நிறுத்தினர். வலப்பக்கம் மட்டும் நால்வர் வலிக்க, படகு இடப்புறம் திரும்பியது. அடுத்த அலை அதன் விலாவில் அறைந்தது. நமக்கு முன்னே இடப்பக்க முனையில், தான் ஒருவனாகக் கடைசி வரை வலித்துக்கொண்டிருந்தவன் தூக்கியெறியப்பட்டு நீரில் விழுந்தான். வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். கயிற்றோடு நம் வாசலில் நின்ற அதே பிள்ளைதான்.

அவன் தலைக்கவசம் மூழ்கிய அந்த இரண்டு மூன்று விநாடிகளை நாம் எவ்வாறு விவரிப்போம்? அவன் தாய், விடைபெறும்போது, "சாமி, பிள்ளையைப் பார்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அக்குரலும் கேட்டது, பின்னணியத்துக் குரலும் கேட்டது. "ஃபார்வர்டு!" நாம் கண்ணைத் திறந்தோம், துடுப்பை நீரில் இறக்கினோம். அழுதுகொண்டே வலித்தோம் என்று சொன்னாலும் பொய்யாகாது. முகம் முழுதும் நீராயிருந்தமையால் எவரும் அதை அறியார். இடப்பக்கத்தார் மீண்டும் வலிக்கத் தொடங்கியதும் படகு நேரானது. அவன் கற்றபடி மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து வந்தான். அவன் அருகில் வந்ததும், சொல்லிக் கொடுத்தபடி உயிர்காப்பு அங்கியின் தோள்வார் இரண்டையும் பிடித்து, நாம் பின்பக்கமாய்ச் சாய்ந்தோம். மீன் வலை ஏறுவது போல் அவன் நம் மடியில் வந்து விழுந்தான். இருமினான், பிறகு சிரித்தான்.

ஒரு பெரும்பாறையின் பின்னே நீர் எதிர்த்திசையில் மெல்லச் சுழன்று அமைதியாயிருந்த இடத்தில் வழிகாட்டி படகை ஒதுக்கினார். அவர் சினந்துகொள்ளவில்லை. தச்சர் தம் தொழிலை விளக்குவது போல் விளக்கினார். ஆற்றின் வேகமும் படகின் வேகமும் ஒன்றாயிருந்தால், படகு ஆற்றின் ஒரு பகுதியாகிவிடும். சருகு போல அது போகுமிடமெல்லாம் போகும். அப்போது பின்னாலிருந்து தாம் எவ்வளவு திருப்பினாலும் படகு கேளாது. பயணிகள் துடுப்பு வலித்து, படகு நீரைவிடச் சற்றேனும் விரைந்து சென்றால்தான் தம் துடுப்புக்குப் பிடி கிடைக்கும். "பயம் வரும்போது எல்லோரும் கயிற்றைப் பிடிக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு நீங்கள் தேவை" என்றார். அவ்வளவே சொன்னார்.

பல ஆண்டுகள் குருமடத்தில், தேவ வரப்பிரசாதமும் மனிதனின் ஒத்துழைப்பும் எவ்வாறு இணைகின்றன என்று நாம் படித்திருக்கிறோம். தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அந்தப் பாறை மறைவில், நடுங்கும் முழங்காலோடு, அதன் பொருள் விளங்கிற்று. நடத்துபவர் நடத்துகிறார், ஐயமில்லை. நாம் காணாதவாறு பின்னணியத்திலிருந்து நடத்துகிறார். ஆயினும் தம் துடுப்பு பிடிப்பதற்கு நம் துடுப்பும் நீரில் இருக்கவேண்டுமென்று அவரே சித்தம் கொண்டிருக்கிறார். டிசம்பர் முதல் ஞாயிறன்று நம் செபம் தவறென்று நாம் கூறவில்லை. சின்னப்பரும் புயலில் செபித்தார். ஆனால் அதே சின்னப்பர், மாலுமிகள் நழுவப் பார்த்தபோது தடுத்து, பயணிகளை உண்ணச் சொல்லி, கப்பலிலிருந்த 276 பேருக்கும் திடமூட்டியதாகவும் அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. நாமோ செபமாலையைக் கயிறாக்கி, அதைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டோம். நம்மைக் கண்டு எத்தனை பேர் வலிப்பதை நிறுத்தினார்களோ!

மீதிப் பாய்ச்சல்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கை சோர்ந்தது, துடுப்பை விடவில்லை. லட்சுமண் ஜூலாவுக்கு அருகே கரையேறினோம். அங்கே காத்திருந்த உபதேசியார் நம் கோலத்தைக் கண்டு சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

அன்று மாலை ஆற்றங்கரையில், நம் இந்துச் சகோதரர்கள் விளக்கேற்றி நீரில் விடும் வேளையில், இளைஞர்களை அருகே அழைத்து அமர்த்தினோம். "பிள்ளைகளே, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பயந்துவிட்டேன். சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். கூடவும் வந்திருக்க வேண்டும். என்னை மன்னியுங்கள்" என்றோம். ‘நாம்’ என்று எழுதப் பழகிய இக்கை, அங்கே ‘நான்’ என்றே சொல்ல வேண்டியிருந்தது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, நீரில் விழுந்தவன் தலைகுனிந்தபடி, "எங்களுக்கும் பயமாத்தான் இருந்துச்சு சாமி. சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு சொல்லல" என்றான். அவர்களும் அஞ்சினார்கள் என்பதே நமக்கு அதுவரை தெரியாது. அஞ்சாதவர்கள்தாம் வெள்ளத்தில் இறங்குவார்கள் என்று எண்ணி, அஞ்சிய நம்மை நாமே விலக்கிக்கொண்டிருந்தோம்.

இதைப் படித்துவிட்டு எவரும் ஆராயாமல் ஆற்றில் இறங்கிவிட வேண்டாம். இருதய நோயுற்றோரும், வலிப்பு உடையோரும், கருவுற்றோரும் இத்தகைய பயணத்தைத் தவிர்க்க வேண்டும். அரசு உரிமம் பெற்றவரோடு மட்டுமே செல்ல வேண்டும். அங்கியும் தலைக்கவசமும் இன்றி ஒரு சாண் தூரமும் போகலாகாது. ஒகேனக்கலில் நீர்வரத்துப் பெருகும்போது பரிசல் ஓட்டத் தடை விதிக்கிறார்களே, அத்தடையை மதிப்பதும் இறைவன் தந்த அறிவைப் பயன்படுத்துவதே. வெள்ளத்தில் பிறரை மீட்கப் போவோருக்கும் கருவியும் பயிற்சியும் வேண்டும். அவற்றை முன்கூட்டியே தேடி வைப்பது மேய்ப்பரின் கடமை.

ஆகவே ஊர் திரும்பியதும் செய்தவற்றைச் சொல்லி முடிக்கிறோம். நீண்ட கயிறு இரண்டு, உயிர்காப்பு அங்கி எட்டு வாங்கிக் கோவில் மண்டபத்தில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தெருவிலும் தனித்து வாழும் முதியோர் பெயர்களை, கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி, இளைஞர்கள் வீடு வீடாய்ச் சென்று எழுதி வந்தனர். மண்டபச் சாவி இப்போது ஒன்றன்று, மூன்று. ஒன்று நம்மிடம்; ஒன்று உபதேசியாரிடம்; மூன்றாவது, தெப்பம் கட்டிய பிள்ளையிடம்.

குடும்பங்களை நடத்தும் தாய் தந்தையரே, கடன் வெள்ளமும், நோய் வெள்ளமும், பிள்ளைகளைப் பற்றிய கவலை வெள்ளமும் உங்கள் வாசலுக்கு வரும். எதிரே வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும். அந்நேரம் ஆண்டவரை நோக்கிக் கூப்பிடுங்கள், கட்டாயம் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது கையில் துடுப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணியத்தில் இருப்பவர் உறங்கவில்லை. பருவமழை தொடங்கிவிட்டது. இரவில் ஓட்டின்மேல் மழை இரையும்போது நமக்கு இப்போதும் அச்சம் வரத்தான் செய்கிறது. எழுந்து, விளக்கேற்றி, செபமாலையை எடுத்துக்கொள்கிறோம், சாவியையும் எடுத்துக்கொள்கிறோம்.